அம்பாசடர் டைனமோவை மாற்றலாம், ஆனால் முதலில் எர்த்தைப் பாருங்கள்

கீழக்கரையிலிருந்து வந்த கேள்வி. வாப்பா வைத்திருந்த 1972 மாடல் அம்பாசடர் மார்க் 2, பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்க இன்னும் பழைய லூகாஸ் டைனமோவோடு ஓடுகிறது. ராத்திரியில் ராமநாதபுரம் போய்த் திரும்பும்போது வண்டி எங்கே நின்றாலும் ஹெட்லைட் மஞ்சளாக மங்குகிறது, சார்ஜ் விளக்கு மினுக்குகிறது. இரண்டு மூன்று நாள் வண்டியை எடுக்காவிட்டால் செல்ஃப் அடிப்பதில்லை. எலக்ட்ரீசியன் அதற்குப் பதிலாக, அதே வேலையைச் செய்யும் மாருதி ஆம்னி ஆல்டர்னேட்டரைப் போட்டுவிடலாம் என்கிறார். மச்சான் ஒரிஜினல் கெட்டுப்போகும் என்று தடுக்கிறார். மாற்றலாமா, மாற்றினால் கூடவே எதையெல்லாம் மாற்ற வேண்டும், பிறகு ஏசி போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ராத்திரி ஓட்டுபவர் என்றால் மாற்றலாம், தாராளமாக. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று தொந்தரவில் ஒன்றுதான் டைனமோவின் குணம். நின்றால் சார்ஜ் விளக்கு மினுக்குவது பழுதே இல்லை. மற்ற இரண்டும் வயரிலோ, கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் எர்த்திலோ, பேட்டரியிலோ இருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்யாமல் ஆல்டர்னேட்டரைப் போட்டால் ஒரு மாதம் நன்றாக இருக்கும், பிறகு அதே கதை தொடரும். கடலோரத்து வண்டிகளில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலில் கரண்ட் கணக்கைப் போட்டுவிடுவோம். லூகாஸ் சி39 டைனமோ 19 ஆம்பியர் தரும், சி40 என்றால் 22. அதுவும் வண்டி நல்ல ஓட்டத்தில் இருந்தால் மட்டும். ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, ஏறக்குறைய ஒன்றும் வராது. அதனால்தான் டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட் பிரிந்து விளக்கு எரிகிறது. இப்போது செலவைப் பாருங்கள். இரண்டு 60/55 வாட் ஹாலோஜன் பல்ப் டிம்மில் எரிந்தால் 9 ஆம்பியர். பார்க் லைட், டெயில், நம்பர் பிளேட், டேஷ்போர்டு எல்லாம் சேர்த்து இரண்டரை. இக்னிஷன் காயிலுக்கு மூன்று, நான்கு. ஆக 15 ஆம்பியர் எப்போதும் போய்க்கொண்டே இருக்கிறது. வைப்பர் போட்டு பிரேக்கிலும் கால் வைத்தால் 20-ஐத் தொட்டுவிடும். திருப்புல்லாணி சாலையில் ஓடும்போது டைனமோ இதை எப்படியோ சமாளிக்கும். ராமநாதபுரம் பஜாரில் ஊர்ந்து போகும்போது முழுச் செலவும் பேட்டரியின் தலையில் விழும். அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட டைனமோவிடம் மிச்சம் இருப்பது சி39-இல் நான்கு ஆம்பியர், சி40-இல் ஏழுதான். வண்டி வந்த காலத்தில் 40, 45 வாட் பல்ப் இருந்ததால் கணக்கு சரியாக இருந்தது. ஹாலோஜனை மாட்டியது நாம்தான்.

இனி எர்த். இதற்கு ஒரு மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் போதும். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை டைனமோ உடம்பில் பளிச்சென்று சுரண்டிய இடத்திலும், மறு முனையை பேட்டரியின் எர்த் பக்கக் குமிழ் மேலேயும் வையுங்கள். கிளாம்பின் மேல் வைக்காதீர்கள், ஈயக் குமிழின் மேலேயே குத்துங்கள். 0.1 வோல்ட் காட்டினால் நல்லது, 0.2 வரை போகட்டும். அரை வோல்ட் காட்டினால் உங்கள் டைனமோ ஒழுங்காகத் தருவது வழியிலேயே தொலைகிறது என்று அர்த்தம். அடுத்து எஞ்சின் பிளாக்குக்கும் அதே குமிழுக்கும் நடுவில் மீட்டரை வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3-க்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் மின்சார உறவு அந்த ஸ்ட்ராப் என்ற பின்னல் பட்டை ஒன்றால்தான். அது செத்துவிட்டால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் வேறு வழி தேடி சோக் கேபிளிலும் ஆக்சிலேட்டர் கேபிளிலும் ஓடும். செல்ஃப் அடித்தவுடன் சோக் கேபிள் உறையைத் தொட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் வேறு சோதனையே தேவையில்லை.

கடல் காற்று வயரை எப்படித் தின்கிறது என்று தெரிந்தால்தான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது புரியும். மேலே பார்த்தால் ஒயர் முனையில் அடித்த லக் சுத்தமாக இருக்கும், ஒயரின் ரப்பர் நன்றாக இருக்கும். லக்கை வெட்டிவிட்டு ஒயரை ஒரு சாண் நீளம் உரித்துப் பாருங்கள். செம்பு நிறமே இருக்காது. இழை ஒவ்வொன்றும் கறுத்து, லக்குக்குள் பச்சைப் பொடி பூத்திருக்கும். ராத்திரி ஈரத்தில் கரைந்த உப்பு, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளுக்கு நடுவே உள்ளே ஏறிவிடுகிறது. கறுத்த செம்பில் சால்டரிங் வைத்தாலும் ஈயம் ஒட்டாது, உருண்டு விழும். அந்த ஒயரில் புது லக்கை அடிப்பது வீண் வேலை, பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டுங்கள். ஒயர் நீளம் போதாவிட்டால் புது ஒயர்தான். பாம்பன், மண்டபம் பக்கம் படகு எஞ்சின் வேலை செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஈயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். நம் ஊர்க் காற்றுக்கு அதுதான் தாங்கும்.

பேட்டரியிலிருந்து பாடிக்கு ஒன்று, பாடியிலிருந்து எஞ்சினுக்கு ஒன்று, ஆல்டர்னேட்டர் போட்ட பிறகு அதன் உடம்பிலிருந்து எஞ்சின் பிளாக்குக்குத் தனியாக ஒன்று. மூன்றுக்கும் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, முள் வாஷர் வைத்து முறுக்கி, அதற்குப் பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். முதலில் வாஸ்லினைத் தடவிவிட்டு முறுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

டைனமோ நிஜமாகவே செத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுவோம். அதிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் கழற்றுங்கள். டி என்ற பெரிய முனையையும் எஃப் என்ற சின்ன முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, அந்த இணைப்புக்கும் டைனமோ உடம்புக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். எஞ்சினை ஐட்லிங்கிலிருந்து மெல்ல ஏற்றினால் வோல்ட் தடங்கலில்லாமல் ஏற வேண்டும். 20 வோல்ட் வந்ததும் நிறுத்திவிடுங்கள், எஞ்சின் 1000 சுற்றைத் தாண்ட வேண்டாம். ஒன்றுமே காட்டாவிட்டால் பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அரை வோல்ட், ஒரு வோல்ட்டிலேயே நின்றால் உடம்போடு நிற்கும் ஃபீல்டு காயில், நான்கு ஐந்தில் நின்றால் உள்ளே சுழலும் ஆர்மேச்சர் பழுது. கார்பன் மாற்றி, அது உரசும் கம்யூட்டேட்டரை லேத்தில் மெல்லிசாகக் கடைந்து, பின்பக்க புஷ்ஷில் எண்ணெய் விட்டாலே பல டைனமோ எழுந்துவிடும். அந்த எண்ணெய்த் துளை இருப்பதே இப்போதைய பையன்களுக்குத் தெரிவதில்லை. பகலில் மட்டும் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் எடுக்கும் வண்டியானால் இதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். அதன் பிறகு ஆல்டர்னேட்டர் தேவையே இல்லை.

ஹெட்லைட் மங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வண்டியில் விளக்கின் முழுக் கரண்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக வந்து, காலால் மிதிக்கும் டிம் சுவிட்ச் வழியாகப் போய், பிறகுதான் பல்ப்புக்கு வருகிறது. ஐம்பது வருஷத்துப் பித்தளைத் தொடுபுள்ளிகள், அதுவும் நம் ஊர்க் காற்றில். பேட்டரியில் 13.5 இருக்கும்போது பல்ப்பின் காலில் 12 கூட வராது. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும், இழை பல்ப்பின் குணம் அப்படி. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு 30 ஆம்பியர் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டு, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த தனி ஒயர் இழுத்துவிடுங்கள். செலவு சொற்பம். நிறைய பேர் ஆல்டர்னேட்டர் போட்டதால் வெளிச்சம் வந்தது என்று நினைப்பார்கள், பாதி வெளிச்சம் ரிலேயால் வந்திருக்கும். ரிலேயை கிரில்லுக்குப் பின்னால் காற்று அடிக்கும் இடத்தில் வைக்காமல், பேனட்டுக்குள் ஃபெண்டர் மேல், ஒயர் கீழ்நோக்கி இறங்கும்படி மாட்டுங்கள்.

இதெல்லாம் முடிந்தபின் ஆல்டர்னேட்டர். ஆம்னி, மாருதி 800 வகை உங்கள் வண்டிக்குப் பொருந்தும். பழைய லூகாஸ் ஏசிஆர் வகை இன்னும் பொருத்தம். 16 ஏசிஆர் 34 ஆம்பியர், 18 ஏசிஆர் 45 ஆம்பியர். மதுரையில் பழைய சாமான் கடைகளில் தேடினால் இரண்டுமே அகப்படும், ஆனால் பெஞ்சில் சுற்றவைத்துக் காட்டாமல் வாங்காதீர்கள். 45 ஆம்பியர் உங்களுக்குத் தாராளம். 90 ஆம்பியர் டீசல் வண்டி ஐட்டத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஒரே ஒரு வி-பெல்ட்டால் அதை இழுக்க முடியாது, முழு லோடில் பெல்ட் கீச்சிடும். அந்த பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

மாட்டுவதில் சிக்கல் வடிவத்தில்தான். டைனமோ நீளம், ஆல்டர்னேட்டர் குட்டை. முன் காதும் பின் காதும் பழைய பிராக்கெட்டில் உட்கார லேத் பட்டறையில் ஸ்பேசர் கடைய வேண்டும். ஆம்னி ஆல்டர்னேட்டரின் புல்லி உங்கள் பெல்ட்டின் அகலத்துக்கு ஒத்துவராது. வேறொரு பழைய டைனமோ புல்லியின் துளையைக் கடைந்து மாட்டலாம், அல்லது அகலமான புல்லி தேடலாம். கிராங்க் புல்லி, வாட்டர் பம்ப் புல்லி, இது மூன்றும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று ஒரு நேர்க்கம்பியை வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட் ஒரு பக்கமாகத் தேயும். நீளமான இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் 10, 12 மில்லிமீட்டர் தாழ வேண்டும். பெல்ட்டை இறுக்கும்போது கம்பியை ஆல்டர்னேட்டரின் பின் மூடியில் வைத்து நெம்பாதீர்கள், அலுமினியம் விரிந்துவிடும்.

அடுத்து துருவம். உங்கள் வண்டியில் பேட்டரியின் எந்த முனை பாடியில் மாட்டியிருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். அந்தக் கால லூகாஸ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் சாதாரணம். இப்போதைய ஆல்டர்னேட்டர் எல்லாம் நெகட்டிவ் எர்த். மாற்றிக் கொடுத்தால் உள்ளே கரண்ட்டை ஒரே திசையில் விடும் டயோடு ஒரு நொடியில் போய்விடும். பாசிட்டிவ் எர்த்தாக இருந்தால் பேட்டரியைத் திருப்பி வைத்து, இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன ஒயரையும் இடம் மாற்றுங்கள். மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும், ஆனால் பிளக்கில் பொறி தலைகீழாகப் பாயும், அதற்கு அதிக வோல்ட் தேவைப்படுவதால் மிஸ்ஃபயர் வரும். அம்மீட்டர் ஒயரையும் இடம் மாற்றுங்கள். விளக்கு, ஹாரன், செல்ஃப் எதற்கும் திசை கிடையாது. பழைய ரேடியோ இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

வயரிங்கை நின்று நிதானித்துச் செய்ய வேண்டும். ஃபயர்வாலில் இருக்கும் கட்-அவுட் பெட்டியில் ஏ, ஏ1, டி, எஃப், இ என்று ஐந்து முனை இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஒயரிலும் துணி டேப்பில் பேர் எழுதி ஒட்டுங்கள், போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏ, ஏ1 ஒயர்களைப் பெட்டிக்கு வெளியே ஒன்றாகச் சேர்த்து ஒரே போல்ட்டில் முறுக்கி மூடிவிடுங்கள். வண்டியின் எல்லாச் செலவும் அந்த வழியாகப் போகும். டி முனையில் இரண்டு ஒயர் இருக்கும். தடித்தது டைனமோவிலிருந்து வருவது, மெல்லியது சார்ஜ் விளக்குக்குப் போவது. விளக்கின் ஒயரைப் பிரித்து, எஃப் முனைக்கு வந்துகொண்டிருந்த மெல்லிய ஒயரோடு இணையுங்கள். அது ஏற்கெனவே டைனமோ வரை போகிறது, இப்போது அதன் மறுமுனை ஆல்டர்னேட்டரின் எல் முனைக்கு, அதாவது விளக்கு முனைக்கு. இ ஒயர் அப்படியே இருக்கட்டும். பெட்டியையும் கழற்ற வேண்டாம், பார்வைக்கு அது அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

பழைய தடித்த டி ஒயரை ஆல்டர்னேட்டரின் கரண்ட் வெளியே வரும் பி பிளஸ் முனையில் மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அது 22 ஆம்பியருக்குப் போட்ட ஒயர், அதுவும் உப்பு தின்ற ஒயர். பி பிளஸ்ஸிலிருந்து செல்ஃப் சோலனாய்டின் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் கனமான சுவிட்ச்) பேட்டரி முனைக்கு 10 சதுர மில்லிமீட்டர் புது ஒயர், பேட்டரி பக்கம் 60 ஆம்பியர் ஃப்யூஸ். ஆம்னி வகையில் ஐஜி என்று இன்னொரு முனை இருக்கும். அதற்கு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வெள்ளை ஒயரிலிருந்து இணைப்பு கொடுங்கள். நேரே பேட்டரியில் கொடுத்தால் வண்டி நிற்கும்போதும் உள்ளே வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும்.

சார்ஜ் விளக்கில் பழைய 2.2 வாட் இழை பல்ப்பையே வையுங்கள். அதன் வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை முதலில் எழுப்புகிறது. அங்கே எல்இடி போட்டால் எழுப்பப் போதாது, ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடும்வரை சார்ஜ் ஏறாது. டெயிலுக்கும் டேஷ்போர்டுக்கும் எல்இடி போட்டுக்கொள்ளுங்கள், குற்றமில்லை. ஹெட்லைட்டில் வேண்டாம். பழைய ரிஃப்ளெக்டரில் எல்இடி வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணைக் குத்தும், பாம்பன் பாலத்தில் எதிரே அரசு பஸ் வரும்போது அந்தக் கூச்சம் நமக்கே தெரியும்.

டேஷ்போர்டில் அம்மீட்டர் இருந்தால் ஒரு விஷயம். நான் சொன்னபடி ஒயர் இழுத்தால் ஆல்டர்னேட்டர் கரண்ட் அம்மீட்டர் வழியாகப் போகாது. முள் எப்போதும் டிஸ்சார்ஜ் பக்கமே காட்டும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். 30 ஆம்பியர் அளவுள்ள மீட்டர் வழியாக 45 ஆம்பியரை விட்டால் டேஷ்போர்டுக்குப் பின்னால் தீ பிடிக்கும் வேலை. அதே இடத்தில் ஒரு வோல்ட்மீட்டர் வைப்பது புத்திசாலித்தனம்.

ஓட்டிப் பார்க்கும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும், விளக்கு எல்லாம் எரிந்தாலும் 13.5-க்குக் கீழே போகக்கூடாது. நம் ஊர் வெயிலில் 14.8-ஐத் தாண்டினால் பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றும், ரெகுலேட்டரை மாற்றுங்கள். ஓடும் எஞ்சினில் பேட்டரி கிளாம்பைக் கழற்றி சார்ஜ் சோதிக்கும் பழக்கம் டைனமோ காலத்தோடு போகட்டும். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட் எகிறி டயோடு போய்விடும். பாடியில் வெல்டிங் வைப்பதற்கு முன்னும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் பேட்டரியையும் கழற்றச் சொல்லுங்கள். இந்தக் கரையில் கிடக்கும் வண்டிக்கு தரைத்தகடு வெல்டிங் எப்படியும் வரும்.

இரண்டு மூன்று நாளில் பேட்டரி இறங்கும் கேள்வி பாக்கி. சாவியை எடுத்துவிட்டு, கதவை மூடி, ஒரு பேட்டரி ஒயரைக் கழற்றி, மீட்டரை ஆம்பியரில் வைத்து அந்த ஒயருக்கும் அதன் குமிழுக்கும் நடுவே இணையுங்கள். அந்த வண்டியில் நிற்கும்போது எதுவும் ஓடவேண்டியதில்லை, சில மில்லிஆம்பியர்தான் காட்ட வேண்டும். 50-க்கு மேல் போனால் ஒவ்வொரு ஃப்யூஸாகக் கழற்றித் தேடுங்கள். கசிவே இல்லை, ராத்திரி 12.6 வோல்ட் இருந்தது காலையில் 12.2-க்கு இறங்கியிருந்தது என்றால் பேட்டரியே முடிந்துவிட்டது. எந்த ஆல்டர்னேட்டரும் அதைக் காப்பாற்றாது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. அரிச்சல்முனை வரை போய்வந்தால், வாலிநோக்கம் உப்பளம் பக்கம் போய்வந்தால், பேனட்டைத் திறந்து நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஆல்டர்னேட்டர் உடம்பையும் பி பிளஸ் முனையையும் துடைத்துவிடுங்கள். உப்பு ஈரம் அந்த முனைக்கும் அலுமினிய உடம்புக்கும் நடுவே பாலம் போட்டு கரண்ட்டைக் கசியவிடும், வெள்ளைப் பொடியாகத் தெரியும். ரப்பர் மூடி கண்டிப்பாக இருக்க வேண்டும். ஹோஸ் பைப்பில் நேராகப் பீய்ச்சாதீர்கள், உள்ளே கார்பனும் பேரிங்கும் இருக்கின்றன.

மச்சான் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் டைனமோ, அதன் புல்லி எதையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள், ஆர்மேச்சர் செம்புக்கு விலை சொல்வார்கள், மயங்க வேண்டாம். எண்ணெய் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றி, வீட்டுக்குள் வையுங்கள், கார் ஷெட்டில் வேண்டாம். நான் சொன்ன முறையில் பாடியில் ஒரு துளைகூடப் போடவில்லை, ஒரு ஒயரைக்கூட பாதியில் வெட்டவில்லை. எவர் வேண்டுமானாலும் ஒரே நாளில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு பற்றி யோசிப்பதாக இருந்தால், அது கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான், அன்றாட ஓட்டத்துக்கு அல்ல. ராத்திரி ராமநாதபுரம் போய்வருபவருக்கு அது சரிப்படாது. வெளியே டைனமோ உருவம், உள்ளே ஆல்டர்னேட்டர் என்று இங்கிலாந்தில் செய்து விற்கிறார்கள். பார்க்க அருமையாக இருக்கும், வரவழைக்கும் செலவு உங்கள் பிரியம்.

ஏசி போடலாம், ஆனால் இப்போது வேண்டாம். புளோயர், கம்ப்ரசர் கிளட்ச், கண்டென்சர் ஃபேன் மூன்றும் சேர்ந்தால் 20 ஆம்பியருக்குக் குறையாது. ராத்திரி விளக்கோடு சேர்த்தால் 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஐட்லிங்கில் திணறும், 55, 60 வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், கம்ப்ரசரைச் சுற்ற கிராங்கில் இரண்டாவது புல்லி வேண்டும், சித்திரை வெயிலில் அந்த 1489 சிசி எஞ்சினும் ரேடியேட்டரும் கூடுதல் சூட்டைத் தாங்க வேண்டும். முதலில் ரேடியேட்டரை அடைப்பெடுத்து, ஒரு கோடை முழுக்க ஏசி இல்லாமல் ஓட்டி, ஹீட் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.